வாயில் வராத பேர்

ஜூலை 26

பால் ஒன்றரை லிட்டர். பால்காரர் மனைவிக்குப் பிரசவமாம், நாளையிலிருந்து அவர் தம்பி ஊற்றுவான். தண்ணீர் கலக்காமல் இருந்தால் சரி.

காலையில் எங்கூட்டுக்காரர் பின்கட்டில் நின்று சத்தீஸ்கர் வண்டிக்காரர்களோடு போன் பேசினார். "மூடியாச்சா?" என்று கேட்டார். பிறகு, "நல்லா மூடியாச்சாடா?" என்று இன்னொரு தரம். எங்களுக்கு ரிக் வண்டி நான்கு ஓடுகிறது. பூமியில் துளை போட்டுத் தண்ணீர் பார்க்கிற தொழில். கல்யாணம் ஆன நாளாகப் பார்க்கிறேன், தண்ணீர் வராத போரை மூடு என்று அவர் யாருக்கும் சொல்லிக் கேட்டதில்லை. அப்படியே விட்டுவிட்டு வண்டியை அடுத்த விவசாயி காட்டுக்கு ஓட்டுவதுதான் வழக்கம். கேட்டால், "குழி காட்டுக்காரனுது, எனக்கென்ன?" என்பார். அரசாங்கம் புதிதாக ஏதோ சட்டம் போட்டிருக்கும் போல. நல்ல காரியம்தான்.

ஜூலை 29

சத்தீஸ்கரிலிருந்து டிரைவர் கந்தப்பன் வந்தான். மூன்று நாள் தூங்காத மூஞ்சி. காப்பி கொடுத்தேன், பாதி குடித்து வைத்துவிட்டான். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஒரு தோள்பையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அவர் வெந்நீர் அடுப்பில் அந்தப் பையோடு பழைய துணியெல்லாம் போட்டு எரித்தார். இந்த வீட்டில் அவர் அடுப்புப் பற்ற வைத்து நான் பார்த்தது இதுவே முதல் தடவை. செருப்பு ரப்பர் எரிகிற நாற்றம் சாயந்திரம் வரை போகவில்லை. அந்தத் தண்ணீரில்தான் மகள் மிருதுளா தலைக்கு ஊற்றிக்கொண்டாள்.

ஜூலை 30

அடுப்புச் சாம்பல் அள்ளினேன். அதில் கிடந்த ஒன்றைக் கழுவி, மஞ்சள்தூள் டப்பாவின் அடியில் போட்டு வைத்தேன். பால் ஒன்றரை.

ஆகஸ்ட் 13

பதினொரு மணி வெயிலில் ஒரு பொம்பளை வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூவரசனின் அம்மா. சங்ககிரியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். நல்லவேளை, மிருதுளா கோச்சிங் போயிருந்தாள்.

பூவரசன் எங்கள் வண்டியில் ஹெல்ப்பர். இங்கே சாமான் இறக்க வரும்போது மிருதுளாவோடு பழக்கம் ஆகிவிட்டது. மே மாதம் அது அவருக்குத் தெரிந்தது. நம்ம ஆளுங்க இல்லை அந்தப் பையன். அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. பையனைச் சத்தீஸ்கர் வண்டிக்கு மாற்றினார், மகளுடைய போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார், அவ்வளவுதான். எத்தனை பெருந்தன்மை என்று சொந்தம், ஒறம்பரை முழுக்க மெச்சியது. நானும் மெச்சினேன்.

"என்ற பையன் போனே எடுக்க மாட்டேங்கறானுங்கம்மா. கேட்டா, வண்டியில இருந்து ஓடிட்டான்னு டிரைவர் சொல்றானுங்க. அவன் ஓடற பையனாங்க? ஆடிக்கு வந்துடறேன்னானுங்க."

"தெரியலையே. நாங்களும் விசாரிச்சுட்டுத்தான் இருக்கறோம்" என்றேன்.

"கையில இரும்புக் காப்பு போட்டிருப்பானுங்க. எங்க அய்யனார் கோயில்ல மந்திரிச்சுப் போட்டது. அதக் கழட்டவே மாட்டான். யாராச்சும் அடையாளம் சொல்லுவாங்களான்னு கேட்டுப் பாருங்கம்மா."

சோறு போட்டேன். ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டாள். மகள் வருகிற நேரம் ஆனதால் பின்வாசல் வழியாக அனுப்பினேன். தலைவலி. மாத்திரை போட்டும் கேட்கவில்லை.

செப்டம்பர் 3

மிருதுளாவுக்கு ஜார்ஜியாவில் டாக்டர் படிப்பு என்று முடிவாகிவிட்டது. அவர்தான் முடிவு செய்தார். ஏஜென்ட் வீட்டுக்கே வந்து இனிப்பு கொடுத்தான். இனிப்பில் நெய் இல்லை, டால்டா.

அந்த ஏஜென்ட்தான் போன வருஷம் பாஸ்போர்ட்டுக்கும் எழுதிக் கொடுத்தவன். நமக்கு ஏது குடும்பப் பேர்? அப்பா பேரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. அவன் கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று குடும்பப் பேர் கட்டத்தில் அவர் பேரை முழுசாக எழுதிவிட்டான். "வெளிநாட்டுல அந்தப் பேரைச் சொல்லித்தாங்க கூப்பிடுவாங்க" என்று இப்போது சிரிக்கிறான். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். "போற எடமெல்லாம் என்ற பேரு வரும்" என்றார்.

அவர் பேரை நான் சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தது. பேங்கில் கேட்டால் ஆதார் அட்டையை நீட்டுவேன். பாத்திரத்தில் பேர் வெட்டக் கடைக்காரன் கேட்டால் முதல் எழுத்தை மட்டும் சொல்வேன். எங்கள் ஊர்ப் பேரே அவர் பேரில் பாதி என்பதால் ஊரையும் சொல்ல முடியாது. பஸ் கண்டக்டரிடம் மலையூர் ஒரு டிக்கெட் என்பேன், அவன் முழிப்பான். மிருதுளா விழுந்து விழுந்து சிரிப்பாள். மே மாதத்துக்கு முந்தி.

செப்டம்பர் 21

பருப்புப் பொடி, ஊறுகாய், கம்பளிச் சட்டை, குக்கர். மஞ்சள்தூள் டப்பாவையும் வைத்தேன். "அங்க போயி மஞ்சத்தூளுக்கா பஞ்சம்?" என்று மிருதுளா கேட்டாள். நம்மூர் மஞ்சள் வாசம் வராது என்று சொன்னேன்.

கூடப் போய் விட்டுவிட்டு வருவது நான். அவருக்கு ராஜஸ்தான் வண்டி வேலை. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்:

"இங்க பாரு புள்ள. அந்தப் பையன் அங்க ஒரு புள்ளையைக் கூட்டிட்டு ஓடிட்டான்னு அவகிட்டச் சொல்லிடு. இங்க சொன்னா ஊரைக் கூட்டுவா. அங்க போயிச் சொல்லு. அழுதா அங்கயே அழுது முடிக்கட்டும்."

"சரிங்க."

"நம்பற மாதிரிச் சொல்லு."

"சரிங்க" என்றேன். மோர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

நான் சொன்னால் மகள் நம்புவாள். இதுவரை அவளிடம் பொய் சொன்னதில்லை. அதனால்தான் இந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

செப்டம்பர் 24

ஷார்ஜா ஏர்போர்ட். இட்லி என்று சொல்லி ஒன்று விற்கிறார்கள். எறிந்தால் மண்டை உடையும்.

செப்டம்பர் 25, காலை

திபிலீசி வந்து சேர்ந்தோம். குளிர் காது வழியாக உள்ளே போகிறது.

வெளியே வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். கூட்டத்துக்கு நடுவில் ஒரு வெள்ளை அட்டை, அதில் கொட்டை எழுத்தில் அவர் பேர். பத்தாவது படித்தவள் நான், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். நமக்கு முன்னால் இவர் எப்படி வந்து நிற்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. முட்டாள்தனம். அட்டைக்குப் பின்னால் நின்றது நாகர்கோவில் பையன் ஜெபின், ஏஜென்டின் ஆள். மீசையே இன்னும் சரியாக முளைக்கவில்லை.

"வாங்க ஆன்ட்டி. யாத்திரை எல்லாம் சொகந்தானே?" என்று பெட்டியை வாங்கிக்கொண்டான்.

மிருதுளா அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இத மடிச்சு உள்ள வைங்கண்ணா" என்றாள்.

ஹாஸ்டலில் வார்டன் அம்மாள் ஆறடி இருப்பாள். பாஸ்போர்ட்டைப் பார்த்து, "மிஸ் சென்கொட்டுவெல்!" என்று கூப்பிட்டாள். அது அவர் பேர் இல்லை, இவர்கள் வாயில் வருகிற சத்தம். அதனால் இங்கே எழுதலாம். சாவியைக் கொடுக்கும்போதும் சென்கொட்டுவெல், போர்வை கொடுக்கும்போதும் சென்கொட்டுவெல். அறைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதிலும் அவர்தான். இவள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் கதவைத் திறக்க வேண்டும்.

கட்டில் பரவாயில்லை. மெத்தையில் நடுவில் பள்ளம். சன்னல் வழியாக ஒரு மாதா கோயில் தெரிகிறது.

செப்டம்பர் 25, மதியம்

ரத்தப் பரிசோதனைக்கு ஜெபின் கூட்டிப்போனான். தெருவில் எருமைக் கன்று அளவுக்கு நாய்கள் படுத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் காதிலும் மஞ்சள் வில்லை. ஊசி போட்டு, நம்பர் கொடுத்து, திரும்பத் தெருவிலேயே விட்டுவிடுவார்களாம். யாரும் கல் எடுத்து அடிப்பதில்லை. இந்த ஊரில் ஒரு தெருநாய் காணாமல் போனால்கூட இன்ன நம்பர் போனது என்று எங்கோ தெரியும். சங்ககிரிக்காரியை நினைத்துக்கொண்டேன்.

பூமிக்கு அடியில் ஓடும் ரயிலுக்குப் போக ஒரு நகரும் படி. இறங்குகிறது, இறங்குகிறது, அடி தெரியவில்லை. எனக்கு மயக்கமே வந்துவிட்டது. மிருதுளா கையைப் பிடித்துக்கொண்டேன். பூமிக்கு உள்ளே போகிற எதுவும் இப்போதெல்லாம் எனக்கு ஆவதில்லை.

"என்னம்மா இப்படி நடுங்கற? ரிக் வண்டிக்காரர் சம்சாரத்துக்குப் பள்ளம்னா பயமா?" என்று சிரித்தாள். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து இவள் முகத்தில் ஒரு தெளிவு. அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

பரிசோதனைக் கூடத்தில் நர்ஸ் கதவைத் திறந்து, "சென்கொட்டுவெல்!" என்றாள். மிருதுளா எழுந்து போனாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அந்தப் பேருக்கு எழுந்து போனாள்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது அவர் போன்.

"சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லீங்க. இப்பத்தான வந்தோம்."

"இன்னிக்கே சொல்லிடு. தள்ளிப் போடாத. சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?"

"சாப்பிட்டோமுங்க."

அவர் எப்போதும் இப்படித்தான். சாப்பிட்டாயா என்று கேட்காமல் ஒரு நாளும் போனை வைத்ததில்லை. கெட்ட மனுஷர் என்று ஊரில் ஒருத்தர்கூடச் சொல்லமாட்டார். கோயிலுக்குத் தேர்வடம் வாங்கிக் கொடுத்தவர்.

ஊரில் கிளம்பும்போதுதான் அவர் பீரோவைத் திறந்து திருப்பிக் கொடுத்த போனுக்கு, வழியில் மிருதுளா புது சிம் வாங்கினாள். கடை வாசலிலேயே நின்று போனில் எதையோ தட்டினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 25, பொழுது சாய்ந்த பிறகு

எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இந்தப் பக்கத்தை யார் படித்தாலும் படிக்கட்டும்.

குக்கரில் அரிசி போட்டேன். மிருதுளா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்தபடி ஆரம்பித்தேன். முகத்தைப் பார்க்காமல் பேச வெங்காயம் சௌகரியம்.

"கண்ணு, ஒரு சமாச்சாரம் சொல்லோணும். வெசனப்படாம கேக்கோணும். அந்தப் பூவரசு இருக்கறானே, அவன் அங்க ஒரு புள்ளையைக் கூட்டிட்டு எங்கயோ போயிட்டானாமா. கந்தப்பன் வந்து சொன்னான்."

அழுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

"அப்பா சொல்லச் சொன்னாரா?"

"அப்பா எதுக்குச் சொல்றாரு? நடந்ததச் சொல்றேன்."

"அம்மா, உனக்குப் பொய் சொல்ல வராது. அந்த வெங்காயத்தை எத்தனை தடவை உரிப்ப?" என்றாள். பிறகு போனைத் திருப்பிக் காட்டினாள். "மத்தியானமே மெசேஜ் போட்டுட்டேன். இன்னும் போய்ச் சேரல. டவர் இல்லாத காட்டுல வண்டி நிக்கும். கெடைச்சதும் பேசிருவான். பேசலைன்னா குளிர்கால லீவுக்கு நானே ராய்ப்பூர் போயிடுவேன். அங்க இருந்து எந்தக் காட்டுல எந்த ரிக் ஓடுதுன்னு கேட்டுப் போனா கண்டுபிடிச்சுடலாம். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்."

"தனியா ஒரு பொம்பளைப் புள்ள அந்தக் காட்டுக்கா?"

"உனக்கு அவனத் தெரியாதும்மா. தண்ணி வராத போரை அப்படியே விட்டுட்டு வண்டியில ஏறவே மாட்டான். ஏதாச்சும் கொழந்தை விழுந்துரும்னு கல்லைத் தேடிப் பொறுக்கிட்டு வந்து, மேல வெச்சு மண்ணைப் போட்டு மூடிட்டுத்தான் வருவான். வண்டிக்காரங்க எல்லாம் கிண்டல் பண்ணுவாங்களாம். அப்பா கூட ஒருக்கா, உன்ற பாட்டனா விழப்போறான்னு திட்டினாராம். யாரு சொல்லாட்டியும் மூடறவன் அவன் ஒருத்தன்தான். அப்படிப்பட்டவன் என்னைய அப்படியே விட்டுட்டுப் போவானா?"

அரிவாள்மனையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததால் கத்தியில் நறுக்கிக்கொண்டிருந்தேன். அதைக் கீழே வைத்துவிட்டேன்.

மூடியாச்சா. நல்லா மூடியாச்சாடா.

அந்த வண்டியில் குழியை மூடுகிறவன் அவன் ஒருத்தன்தான். அவன் இருந்திருந்தால் மூடியாச்சா என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லை. அன்று அவர் மூடச் சொன்னது குழியை இல்லை, அவனை.

ஜூலை மாதத்திலிருந்து எனக்கு நானே ஒவ்வொரு சமாதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். சட்டம் போட்டிருப்பார்கள் என்றேன். பையன் பயந்து ஓடியிருப்பான், பையை மறந்திருப்பான் என்றேன். காப்பு எல்லாப் பையன்களும்தான் போடுகிறார்கள் என்றேன். இந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தையில் அத்தனையும் சரிந்துவிட்டது. இனி நான் வாயை மூடிக்கொண்டு ஊருக்குப் போனால், இவள் அந்தக் காட்டில் போய்க் கந்தப்பனிடமே வழி கேட்பாள்.

பெட்டியைத் திறந்தேன். மஞ்சள்தூள் டப்பாவைத் தரையில் ஒரு பேப்பரில் கொட்டினேன். அடியிலிருந்து அது விழுந்தது. இரும்புக் காப்பு. கருகிப் போயிருந்தது, அதன் மேல் மஞ்சள்.

மிருதுளா கட்டிலை விட்டு இறங்கி வந்தாள். உடனே தொடவில்லை. குனிந்து பார்த்தாள். உட்பக்கம் சின்னதாக ஒரு வேல் செதுக்கியிருக்கும். எனக்கே அது இன்றுதான் தெரியும், அவள் விரல் வைத்துத் தடவியபோது.

"இது எங்கம்மா கெடச்சுது?"

"நம்ம வெந்நீரடுப்புச் சாம்பல்ல."

"கழட்ட மாட்டானேம்மா."

"ஆமா கண்ணு."

"அவன் கழட்ட மாட்டானேம்மா" என்றாள் மறுபடியும். அதன் பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. புரிவதை நான் பார்த்தேன். பெற்ற பிள்ளையின் முகத்தில் அதைப் பார்க்கிற நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. போன் பேசியது, கந்தப்பன் வந்தது, பை எரிந்தது, அவன் அம்மா வந்து நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். குக்கர் இருப்பதே மறந்துபோயிற்று. தீய்ந்த வாசம் வந்து நான்தான் எழுந்து நிறுத்தினேன்.

அவள் கேட்டாள்: "யாரும்மா?"

தெரியாமல் கேட்கவில்லை. என் வாயால் வர வேண்டும் என்று கேட்டாள்.

உங்கப்பா என்று நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை வருஷமும் அவரை அவளிடம் அப்படித்தானே சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னால் அது அவள் தலையில் ஏறும். என் அப்பா செய்தார், எனக்காகச் செய்தார், என்னால்தான் அவன் போனான் என்று ஆயுசுக்கும் சுமப்பாள். எங்கூட்டுக்காரர் என்று சொல்லலாமா என்றால், அதற்கும் நாக்கு எழவில்லை. அப்படி ஒரு உறவை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை என்னால் முடிக்க முடியாது.

"செங்கோட்டுவேல்" என்றேன்.

அறையில் அவ்வளவு சத்தமாகக் கேட்டது. யாரோ மூன்றாவது ஆள் பேர் மாதிரி இருந்தது.

மிருதுளா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய் திறந்திருக்கிறது. "அம்மா, நீ பேரைச் சொல்லிட்ட" என்றாள்.

"சொல்லிட்டேன்."

"இன்னொருக்காச் சொல்லு."

"செங்கோட்டுவேல்."

அதன் பிறகுதான் அழுதாள். என் மடியில் விழுந்து, புடவையைக் கடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டிவிட்டு, பதில் வராமல் போய்விட்டாள். ஊரை நினைத்து அழுகிறாள் என்று நினைத்திருப்பாள். முதல் நாளில் இங்கே எல்லாப் பிள்ளைகளும் அழுமாம், ஜெபின் காலையிலேயே சொன்னான்.

தரையில் கொட்டிய மஞ்சளை இன்னும் கூட்டவில்லை.

செப்டம்பர் 26

யூனிவர்சிட்டியில் பேர் பதிவு. மிருதுளா முகம் வீங்கியிருந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஜெபினிடம் சொன்னேன்.

மேசையில் இருந்த பெண்ணிடம் மிருதுளா இங்கிலீஷில் ரொம்ப நேரம் பேசினாள். தன் பேரை மட்டும் வைத்துக் கூப்பிட முடியுமா என்று கேட்டாளாம். முடியாதாம், பாஸ்போர்ட்டில் எது இருக்கிறதோ அதுதானாம். அடையாள அட்டையிலும் அதுதான், நாளைக்கு டாக்டர் பட்டத்திலும் அதுதானாம். அந்தப் பெண் நல்லவிதமாகத்தான் சொன்னாள். அழகான பேர் என்றும் சொன்னாளாம்.

பிறகு எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்கார வைத்துப் பேர் வாசித்தார்கள். "சென்கொட்டுவெல்." யாரும் எழவில்லை. இன்னொரு தரம் வாசித்தார்கள். எனக்குப் பக்கத்தில் மிருதுளா உட்கார்ந்தே இருந்தாள். வாசித்தவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மூன்றாவது தரம் வாசித்தபோது எழுந்து நின்றாள். வேறு என்ன செய்வாள்? நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் காப்பை என் கையில் வைத்தாள். துடைத்து, கைக்குட்டையில் சுற்றியிருந்தாள்.

"இது அவங்கம்மாவுக்குச் சேர வேண்டியது. நீயே கொண்டு போய்க் குடு. நீ சொல்லோணும்மா, வேற யாரும் இல்ல."

"நீ?"

"படிக்கறேன். வேற போக்கிடம்? ஊருக்கு மட்டும் என்னைக் கூப்பிடாத. எதுக்கும் கூப்பிடாத." சிறிது தூரம் நடந்தபின், "நீ அங்க இருந்துக்குவியா?" என்று கேட்டாள்.

இருந்துக்குவேன் என்றேன். பொய் சொல்ல வராது என்று இவளே சொன்னாளே, கண்டுபிடித்திருப்பாள்.

செப்டம்பர் 27

கிளம்புமுன் மெத்தையைத் திருப்பிப் போட்டேன், பள்ளம் கீழே போய்விட்டது. பருப்புப் பொடியில் ஈரக் கரண்டி போடாதே என்றேன். மிருதுளா கதவு வரை வந்து நின்றாள். கதவில் இருந்த சீட்டைக் காணோம். பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வார்டன் அம்மாள் புதிதாக ஒன்று ஒட்டுவாள், மறுபடியும் கிழிக்கலாம்.

செப்டம்பர் 28

ஷார்ஜா. கோயம்புத்தூர் விமானத்துக்காக உட்கார்ந்திருக்கிறேன். அவர் போன் செய்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டனுங்க."

"அழுதாளா?"

"அழுதாளுங்க."

"நம்பினாளா?"

"நம்பிட்டாளுங்க."

"ம். நீ சொன்னா நம்புவான்னு எனக்குத் தெரியும். சாப்பிட்டியா?"

"சாப்பிட்டனுங்க" என்றேன். இந்தப் போனில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

கோயம்புத்தூருக்குக் கார் அனுப்புகிறாராம். யார் ஓட்டி வருவது என்று கேட்டேன். கந்தப்பன் என்றார். நல்லதாகப் போயிற்று. எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கு ஈரோடு வழிதான் கிட்ட. நான் சங்ககிரி வழியாக ஓட்டச் சொல்வேன். எதற்கு என்று கேட்டால், கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டுவேன். அந்த அம்மா முன்னால் அவனும் என்கூட வந்து நிற்கட்டும்.